பட்டறை பதில்கள்: ஒழுகுவது ரேடியேட்டர்தானா?

சித்திரை, வைகாசியில் வரும் கடிதங்களில் மைலேஜும் டயரும் பின்னுக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே கவலை: வண்டி ஹீட் ஆகிறது, தண்ணீர் ஒழுகுகிறது. எங்கள் பட்டறை சேலத்தில், ஏற்காடு இறங்கி வருகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எனக்கும் இந்த இரண்டு மாதமும் இதே வேலைதான். அதனால் இந்த முறை முழுக்க ரேடியேட்டர் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது எட்டு வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிசர்வ் டேங்கில் கூலண்ட் குறைந்துவிடுகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்ததுமே “ரேடியேட்டர் போச்சு மேடம், மாத்திடலாம்” என்கிறார். மாற்றிவிடவா?
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

திறந்ததுமே சொன்னார் என்றால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கே ஒழுகுகிறது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு காசைப் பற்றிப் பேசலாம்.

தரையில் சொட்டு இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வண்டி ஓடும்போது உள்ளே சூடும் அழுத்தமும் ஏறும். மயிரிழை விரிசலாக இருந்தால் அப்போதுதான் கசியும். கசிந்ததும் சூடான உலோகத்திலேயே ஆவியாகிவிடும். வீட்டுக்கு வந்து நிறுத்தி ஆறியதும் கசிவும் நின்றுவிடும். ஆனால் கூலண்ட், அதாவது என்ஜின் சூட்டைத் தணிக்கச் சுற்றும் திரவம், போன இடத்தில் தடம் விடாமல் போகாது. காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸாகவோ ஒரு பொருக்கு படிந்திருக்கும். அதைத்தான் டார்ச் அடித்துத் தேட வேண்டும்.

முதலில் ரேடியேட்டரின் ஓரங்கள். இன்றைய கார்களில் நடுப்பகுதி அலுமினியம், இரண்டு ஓரத்திலும் உள்ள தொட்டிகள் கறுப்பு பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, அலுமினியத்தின் விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். வயதானால் அந்தச் சேர்மானத்தில்தான் முதலில் கசியும். அப்புறம் மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டின் நுனிகளையும் பாருங்கள். கிளிப் தளர்ந்திருக்கலாம், ரப்பர் வெடித்திருக்கலாம். மழைக்காலம் என்றால் எலியின் பல் தடத்தையும் சேர்த்துத் தேடுவேன். அடுத்தது வாட்டர் பம்ப். அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. அங்கே தடம் இருந்தால் பம்ப்தான் மாற வேண்டும், ரேடியேட்டர் பாவம். கடைசியாக, காருக்குள் டாஷ்போர்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஈரம், இனிப்பான ஒரு வாடை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு இருந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் கசிகிறது.

கண்ணில் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். கைப் பம்பும் மீட்டரும் உள்ள சின்னக் கருவிதான். என்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று ஏற்றுவார்கள். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்று இருக்கும். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளியே கசிவு இல்லை. இறங்கினால், எங்கிருந்தோ சொட்டு வரும், அதைப் பார்த்துவிடலாம்.

மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்தால் ஒழுகல் எதுவும் இல்லாமலே கூலண்ட் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்பட்டு வெளியே போய்விடும். இருப்பதிலேயே விலை குறைந்த பாகம் அதுதான். ஆனால் பலரும் கடைசியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். ரேடியேட்டர் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்து, ஒரு கிளிப்போ மூடியோ மாற்றிக்கொண்டு திரும்பிப் போன வண்டிகள் நிறைய.

இவ்வளவும் பார்த்து வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் வெளுத்து நுரைத்திருப்பது, என்ஜின் ஓடும்போது தொட்டியில் குமிழ் வந்துகொண்டே இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே வைத்திருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகப்படலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஏ.சி. போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் காரின் முன்பக்கம் ஒரு ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. ரேடியேட்டர் ஓட்டையா?
– வேளச்சேரி வாசகர்

விரலில் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல், வாடையில்லாமல், சில்லென்று வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏ.சி. தண்ணீர். சென்னைப் புழுக்கத்தில் நிறையவே வரும், வரத்தான் வேண்டும். நிறமும் வழவழப்பும் இருந்தால் கூலண்ட். தொட்ட கையை உடனே கழுவிவிடுங்கள், வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

போன மாதம் ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், பானட்டிலிருந்து புகை வந்தது. என் வீட்டுக்காரர் உடனே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனார். பின்னால் வந்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் கத்தித் தடுத்தார். மூடியைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மாதிரி சமயத்தில் சரியாக என்ன செய்ய வேண்டும்?
– ஈரோடு வாசகி

அந்த டிரைவர் அண்ணனை மறுபடி பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ரேடியேட்டர் என்பது குக்கர் மாதிரி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 பக்கம் போன பிறகுதான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், இருந்த தண்ணீரெல்லாம் ஒரே சமயத்தில் கொதித்து, திறந்தவர் முகத்தில் அடிக்கும். இப்படி வெந்த கையோடும் முகத்தோடும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதக்கூட மனம் வரவில்லை.

முள் ஏற ஆரம்பித்ததும் முதல் வேலை, ஏ.சி.யை நிறுத்துவது. இரண்டாவது, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகக் காற்றிலும் வைத்து ஜன்னல்களை இறக்குவது. உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போகும். அதற்குள் அகலமான ஓரம் பார்த்து ஒதுங்கிவிடுங்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவிலும் நிறுத்தக் கூடாது, வளைவுக்கு முன்னாலோ பின்னாலோ நேர் பாதையில்தான் நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புகை வந்துவிட்டாலோ சிவப்பு விளக்கு எரிந்துவிட்டாலோ யோசிக்காமல் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

புகை அடங்கும்வரை பானட்டைத் தூக்க வேண்டாம். அடங்கிய பிறகு தூக்கி வைத்துவிட்டு முக்கால் மணி நேரமாவது உட்காருங்கள். என்ஜினை அணைத்திருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுற்றும், துப்பட்டா, சேலைத் தலைப்பு ஜாக்கிரதை. மேல் ஓஸைத் துணி வைத்து அழுத்திப் பார்க்கலாம். கல் போல் விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. துவண்டு, தொடும் சூட்டுக்கு வந்த பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சமாகத் திருகி ‘புஸ்’ சத்தம் முழுக்க நிற்கும்வரை விட்டு, பிறகு திறக்கலாம். நிறைய புதிய வண்டிகளில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது. பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்க்கின் மூடிதான் அந்த அழுத்தத்தைத் தாங்கும். அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கிற என்ஜினில் ஜில் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வளைந்துவிடும், வெடித்தாலும் வெடிக்கும். அவசரத்துக்குக் குடிக்கிற பாட்டில் தண்ணீர் போதும், கூலண்ட் தேடி அலைய வேண்டாம்.

தண்ணீரை ஊற்றியதும் மேலே ஏறாதீர்கள், கீழே இறங்கிவிடுங்கள். இறக்கத்தில் என்ஜினுக்குச் சுமை குறைவு, சூடு ஏறாது. ஆனால் “பெட்ரோல் மிச்சம், சூடும் குறையும்” என்று என்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு மட்டும் வரவே கூடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கட்டையாகிவிடும். இரண்டாவது கியரில் வாருங்கள்.

இன்னொன்று. சிலர் “முள் ஏறிச்சு, அப்புறம் தானா இறங்கிடுச்சு, அதனால ஓட்டினேன்” என்பார்கள். சூட்டைக் காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீரே காலியாகிவிட்டால் முள் கீழே விழக்கூடும். வண்டி இழுக்காமல், சத்தம் மாறி, முள் மட்டும் இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடு, நிற்கும் என்று எங்கள் ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடும் லாரி) டிரைவர் சொல்கிறார். முட்டை வெள்ளைக்கரு, மிளகுத்தூள் என்றும் சொல்கிறார்கள். கடையில் விற்கும் ஸ்டாப்-லீக் பாட்டிலும் இதுவும் ஒன்றுதானா?
– திருச்செங்கோடு வாசகர்

உங்கள் டிரைவர் பொய் சொல்லவில்லை. ரிக் வண்டி கொண்டு ஊர் ஊராய், மாநிலம் மாநிலமாய்ப் போகிறவர்களுக்கு நடுக்காட்டில் ரேடியேட்டர் கடை கிடையாது. தூள் தண்ணீரோடு சுற்றி, ஓட்டையில் போய்ச் சேர்ந்து அடைக்கும். முட்டை சூட்டில் வெந்து அடைக்கும். குண்டூசி அளவு ஓட்டைக்கு அன்றைக்கு வேலை நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், மஞ்சள் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. பழைய லாரியின் பித்தளை ரேடியேட்டரில் குழாய்கள் கொஞ்சம் தாராளமானவை, தாங்கிக்கொள்ளும். இன்றைய காரின் அலுமினியக் குழாய்கள் மிகக் குறுகல். ஹீட்டர் குழாய் அதைவிடக் குறுகல். ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, குழாய்கள் அடைபட்டு அடுத்த மாதம் ஹீட் ஆகிக்கொண்டு வந்து நிற்பீர்கள். கழற்றினால் உள்ளே சேறு மாதிரி அப்பியிருக்கும். முட்டை போட்ட வண்டியைத் திறக்கும் நாளில் என் பையன்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், அப்படி ஒரு நாற்றம்.

கடை பாட்டில் கொஞ்சம் நாகரிகமான மஞ்சள் தூள், அவ்வளவுதான். ஊர் போய்ச் சேர உதவும். போய்ச் சேர்ந்ததும் முழுத் தண்ணீரையும் வடித்து, அலசி, ஓட்டையைச் சரிசெய்ய வேண்டும். ஓஸ் வெடிப்புக்கும் பம்ப் சீலுக்கும் எந்தத் தூளும் ஆகாது.

பழைய டிரைவர்கள் வேறொன்றும் செய்வார்கள்: மூடியை முழுக்க இறுக்காமல் தளர்வாக வைத்துக்கொண்டு, நிதானமாக ஓட்டி ஊர் சேர்வது. அழுத்தம் ஏறாததால் கசிவு குறையும். ஆனால் அப்போது 100 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதால் சமதரையில், வெயில் தாழ்ந்த பிறகு, பக்கத்துப் பட்டறைவரை மட்டும்.

நம் ஊரில் பனி உறைவதே இல்லை. அப்புறம் எதற்கு ஆன்டி-ஃப்ரீஸ், கூலண்ட் எல்லாம்? போர் தண்ணீர் ஊற்றித்தான் அப்பா காலத்திலிருந்து ஓட்டுகிறோம்.
– ராமநாதபுரம் வாசகர்

உங்கள் ஊர் போர் தண்ணீரில் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். படிந்தால் சூடு வெளியே போகாது. உப்பு அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். அப்பா ஓட்டியது பித்தளை ரேடியேட்டர், இது அலுமினியம், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

உறையாமல் இருப்பது கூலண்டின் ஒரு வேலைதான். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி பக்கம்வரை உறையாது என்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு: கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவது, துருவும் அரிப்பும் வராமல் காப்பது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்கி, சொன்ன அளவில், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ‘ரெடி மிக்ஸ்’ என்று போட்டிருந்தால் தண்ணீர் கலக்கவே வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, ரோஸ், நீலம் எல்லாம் கம்பெனிக்காரர் போடும் சாயம்தான். உள்ளே இருக்கும் வகை வேறாக இருந்தால் கலந்ததும் கூழாகலாம்.

எங்கள் நாய்க்குட்டி கார் நிறுத்தும் இடத்தில் ரோஸ் நிறத் தண்ணீரை நக்கிவிட்டது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.
– கோவை வாசகி

ஆசிரியர் குழு இந்தக் கடிதம் வந்த அன்றே இவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் விரும்பி நக்கும். அது விஷம். முதலில் தள்ளாடும், பிறகு தெளிந்த மாதிரி தெரியும், அதற்குப் பிறகுதான் சிறுநீரகம் போகும். “நன்றாக இருக்கிறதே” என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். குழந்தை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. வடித்த கூலண்டைத் திறந்த சட்டியில் வைப்பதும், சாக்கடையில் கொட்டுவதும் கூடாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை என் பட்டறையில் அடியோடு தடை செய்திருக்கிறேன்.

தாத்தாவின் அம்பாசடரை ஓட்டும் நிலையில் வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் கீழ்த்தொட்டிப் பக்கம் கசிகிறது. போகிற இடமெல்லாம் “இதையெல்லாம் இப்போ யாரு சார் பண்றா, அலுமினியத்துக்கு மாத்திடுங்க” என்கிறார்கள்.
– காரைக்குடி வாசகர்

மாற்றாதீர்கள்! பித்தளைத் தொட்டி, செம்புத் துடுப்பு, ஈயப் பற்று. மறுபடி மறுபடி சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தே செய்த பொருள் அது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, ஆனால் ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் ஷோரூம் பக்கம் தேடாமல், லாரி, டிராக்டர் வேலை நடக்கும் தெருக்களில் ‘ரேடியேட்டர் ஒர்க்ஸ்’ போர்டைத் தேடுங்கள். வாசலில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதுதான் கடை.

நான் தொழில் பழகியது அப்படி ஒரு தொட்டிக்குப் பக்கத்தில்தான். ரேடியேட்டரைக் கழற்றி, ஓஸ் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, ஒரு வாயில் மட்டும் காற்று விட்டுத் தொட்டியில் அமுக்குவார்கள். குமிழ் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம். அப்புறம் கம்பி பிரஷ், ஆசிட், காய்ச்சிய இரும்பு, ஈயம். அழுக்கைச் சுரண்டுவதில்தான் முக்கால் வேலை. சுரண்டாமல் வைத்த ஈயம் மேலே மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது. வேலை முடிந்ததும் மறுபடி தொட்டியில் அமுக்கி, குமிழ் இல்லை என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

நடுக்குழாய் ஒன்றிரண்டு பொத்தலாக இருந்தால் இரு முனையிலும் அடைத்துவிடுவார்கள். அதில் தவறில்லை. நிறையக் குழாய்களை அடைத்தால் குளிர்ச்சி போதாது. அந்த நிலை வந்தால் ‘ரீகோர்’, அதாவது தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடுவது. மேல்தொட்டியைப் பிரித்திருக்கும்போதே ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு ராடிங் செய்துவிடச் சொல்லுங்கள், அடைத்திருக்கும் உப்பெல்லாம் வெளியே வந்துவிடும்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியில் விரிசல். எம்-சீல் போட்டால் தாங்குமா? ஆர்கான் வெல்டிங் என்றும் ஒருவர் சொல்கிறார்.
– மதுரை வாசகர்

எம்-சீல் சில நாள் தாங்கும், ஒரு நாள் நடுரோட்டில் கைவிடும். பிளாஸ்டிக் ஒரு இடத்தில் விரிந்தது என்றால் சூட்டில் மொத்தமுமே மொறுமொறுத்துப் போயிருக்கும். ஆர்கான் வெல்டிங் அலுமினியத்துக்கு மட்டும்தான். அதுவும் தொட்டி சேருமிடத்தில் அடித்தால் பக்கத்திலிருக்கும் ரப்பர் வளையம் வெந்துவிடும். இதில் ஒரே பதில்தான்: புது ரேடியேட்டர். கூடவே மூடியும் இரண்டு ஓஸும் புதிதாகப் போடுங்கள். கூலண்ட் நிரப்பிய பின் ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுக்காமல் வண்டியை வாங்கி வராதீர்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, மின்விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ரேடியேட்டரைக் கண்டுபிடித்தது யார்?
– ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

தம்பி, முதல் கார்களில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1888-இல் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டேதான் போனார். இன்று நாம் பார்க்கும் ரேடியேட்டருக்கு வழி காட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்கு அவர் செய்த ரேடியேட்டரில், ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. அத்தனையையும் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒழுகாமல் அதைச் செய்து முடித்த கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

ஹீட் ஆகிறது என்று போனேன். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு “இது நம்ம ஊருக்குத் தேவையில்ல சார்” என்றார். இப்போது ஹீட் ஆகவில்லை, ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது.
– கிருஷ்ணகிரி வாசகர்

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. என்ஜின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடும்படி செய்யப்பட்டது. அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட். அதை எடுத்துவிட்டால் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி விடும், உள்ளே தேய்மானமும் அதிகமாகும். அதைவிட, ஹீட் ஆனதற்கான நிஜக் காரணம் உங்கள் வண்டியில் அப்படியே இருக்கிறது. அடைத்த ரேடியேட்டரோ, ஓடாத மின்விசிறியோ, மெல்லிய கசிவோ, இந்த மெக்கானிக் அதைத் தேடவே இல்லை.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் 82, 88 என்று ஏதாவது எண் குத்தியிருக்கும். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, அடி படாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அந்தச் சூட்டைத் தொட்டதும் திறக்க ஆரம்பித்து, ஆறும்போது மூடிக்கொண்டால் அது நல்ல சரக்கு, புது கேஸ்கட்டோடு திரும்ப மாட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் புதிது வாங்கிப் போடுங்கள். எப்படியானாலும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.